சாதிப் பேரைச் சொன்னாங்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்துத் தங்கை ஒருத்தி போன் செய்தாள். பொம்மிடியிலிருந்து போய் வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

“அண்ணா, ஒரு புகார் எழுதணும். எழுத உட்கார்ந்தா வரமாட்டேங்குது.”

என்ன நடந்தது என்று கேட்டேன். வகுப்பில் இன்டர்னல் மார்க் வாசித்திருக்கிறார்கள். இவளுக்கு நல்ல மார்க். வாசித்த ஆசிரியர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “உங்களுக்கென்னம்மா கவலை. எப்படியும் வேலை வீடு தேடி வந்துடும். பாவம், மத்தவங்கதான் கஷ்டப்பட்டுப் படிக்கணும்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

“இதை அப்படியே எழுதினேண்ணா. எழுதிட்டுப் படிச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. நானா ஏதோ கற்பனை பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு. ஆனா அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.”

அவளுக்குப் போனில் பத்து நிமிடம் பதில் சொன்னேன். அது போதவில்லை என்று அப்புறம் தோன்றியது. இந்தக் கேள்வியோடு வருகிற முதல் ஆள் அவள் இல்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் சேலத்தில் படித்தேன். தினமும் காலையில் பொம்மிடி ஸ்டேஷனில் ஜோலார்பேட்டை–ஈரோடு பாசஞ்சரைப் பிடிப்பேன். ஒரு நாள் எதிர் சீட்டில் ஒரு பெரியவர். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, “எடுத்துக்க தம்பி” என்று நீட்டியபடி பேச ஆரம்பித்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“பொம்மிடிங்க.”

“பொம்மிடியேவா, பக்கத்துலயா?”

“பக்கத்துலங்க.”

“ஊருக்குள்ளயா, வெளியவா?”

நான் வெளியே பார்த்தேன். சேர்வராயன் மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

“அப்பா என்ன பண்றாரு?”

“கூலி வேலைங்க.”

“குலசாமி எது உங்களுக்கு?”

சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “ஓ... சரி சரி” என்றார். லோகூர் வருவதற்குள் கடலைப் பொட்டலம் மடிந்து அவர் மஞ்சப்பைக்குள் போயிருந்தது. சேலம் வரைக்கும் அப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

இதில் எந்த வார்த்தை குற்றம்? ஊரைக் கேட்டது குற்றமா? அப்பாவின் வேலையைக் கேட்டது குற்றமா? ‘சரி சரி’ என்பது கெட்ட வார்த்தையா? நான் புகார் எழுதியிருந்தால் அந்தத் தங்கையின் தாளைப் போலவேதான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் சாதி கேட்கப்பட்டது, சொல்லப்பட்டது, தீர்ப்பும் கொடுக்கப்பட்டது. சாதி என்ற சொல் மட்டும் வரவில்லை.

இதற்குத் தமிழில் எத்தனை பெயர் இருக்கிறது பாருங்கள். சாடை பேசுவது, ஜாடைமாடையாகச் சொல்வது, குத்திக்காட்டுவது, பொடி வைத்துப் பேசுவது, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது, ஊமைக்குத்து. ஒரு காரியத்துக்கு ஒரு சமூகத்தில் இத்தனை சொல் இருந்தால் அந்தக் காரியம் அங்கே தினசரி நடக்கிறது என்று அர்த்தம்.

இலக்கணத்துக்கும் இது தெரியும். தொல்காப்பியம் வசையை இரண்டாகப் பிரிக்கிறது. நேராக வைதால் செம்பொருள் அங்கதம். மறைத்து வைதால் பழிகரப்பு அங்கதம். கரப்பு என்றால் மறைப்பு. கேட்கிறவனுக்கு மட்டும் தைக்க வேண்டும், சொன்னவன் கையில் கத்தி தெரியக் கூடாது.

இதற்கு எல்லாரும் பள்ளியில் படித்த உதாரணம் எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடையது. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது போன அவ்வையார் தொண்டைமானின் ஆயுதக் கிடங்கைப் பார்க்கிறார். உன் ஆயுதங்கள் மாலை போட்டு, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. கேட்டால் புகழ்ச்சி. உள்ளே இருப்பது, உனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை என்பது.

அவ்வை ஏன் நேராகச் சொல்லவில்லை? எதிரியின் அரண்மனைக்குள் தனியாக நிற்கிறார். நேராகச் சொன்னால் ஆபத்து. சாடை அங்கே அவருக்குக் கேடயம்.

என் ஆயாவும் அப்படித்தான். ஊர்க்காரர் காட்டில் கடலை பிடுங்கப் போவார். பொழுது சாய்ந்தும் கூலி வராது. நேராகக் கேட்டால் அடுத்த நாள் வேலை இல்லை. களத்தில் மேய வருகிற காக்காயைப் பார்த்துக் கத்துவார்: “ஏ காக்கா, உன் குஞ்சுக்கு மட்டுந்தான் வயிறா? நேரங்காலம் தெரிய வேணாம் உனக்கு?” கூட இருக்கும் பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். காட்டுக்காரருக்கும் புரியும். ஆனால் காக்காயைத் திட்டியதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாதே.

ஆக, சாடை கெட்டது என்று ஒரே போடாகப் போட முடியாது. யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயா சாடை பேசியது உயிர் பிழைக்க. ரயிலில் அந்தப் பெரியவர் சாடை பேசியதற்கு அப்படி எந்த அவசியமும் இல்லை.

சட்டம் வந்த பிறகு

ஆயாவின் காலத்தில் ஊர்க்காரர்கள் எங்களிடம் சாடை பேசியதே இல்லை. அதற்குத் தேவையே இல்லை. பத்து வயதுப் பையன் அறுபது வயதான என் தாத்தாவை ‘வாடா, போடா’ என்பான். சாதிப் பேர்தான் கூப்பிடுகிற பேர். அதைச் சொல்ல யாருக்கும் பயம் இல்லை, வெட்கமும் இல்லை.

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். ஊரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகுதான், ஏதாவது சொன்னால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்ற பயம் கொஞ்சமாவது வந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய போராட்டம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது.

வாய் கொஞ்சம் அடங்கியது. மனசு அடங்கவில்லை. அடங்காத மனசு பேசுவதற்கு வேறு வழி தேடியது. இன்று நாம் கேட்கிற சாடையில் பாதிக்கு மேல் அப்படிப் பிறந்ததுதான்.

‘பார்த்தா அப்படித் தெரியலையே’ என்பார்கள். பாராட்டாம். ‘எங்க வீட்ல அதெல்லாம் பார்க்க மாட்டோம்’ என்பார்கள். பெருந்தன்மையாம். வாடகை வீடு கேட்டுப் போனால், ‘நீங்க நான்வெஜ்ஜா?’ என்பார்கள். கேட்கிறவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கோழி எலும்பு கிடக்கும். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர் போகும். நம்மைப் பார்த்ததும், ‘டம்ளர் இன்னும் கழுவலைங்க, பேப்பர் கப்புல தரட்டுங்களா?’ என்று மரியாதையாகக் கேட்பார்கள். இரட்டை டம்ளரை எதிர்த்துப் போராடினோம். பேப்பர் கப்பை எதிர்த்து எப்படிப் போராடுவது? சுத்தத்துக்காகத்தானே என்பார்கள்.

‘காலனி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே காலனி உண்டு, வங்கி ஊழியர் காலனி உண்டு. அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் ‘காலனி ஸ்டாப்’ என்று குரல் கொடுத்தால் இறங்குகிற ஆளைப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் ‘சேரி’ இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. பலரும் குடியிருந்த இடத்துக்குப் பொதுவாக இருந்த சொல், பிறகு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்று ஒதுங்கி வசையானது. 2025 ஏப்ரல் 29 அன்று, ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வசைச் சொல்லாகிவிட்டது என்பதை அரசே ஒத்துக்கொண்டது. வரவேற்கிறேன். ஆனால் பலகையில் நாளைக்கு என்ன பெயர் எழுதினாலும், பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அந்தப் புதுப் பெயருக்குள்ளும் பழைய பொருள் குடியேறும். பொருள் சொல்லில் மட்டும் இல்லை, திரும்புகிற கழுத்துகளிலும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

ஒரு சொல் வீட்டைக் கொளுத்தும்

சாடைதானே, காற்றோடு போகிற பேச்சுதானே என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

2012 நவம்பர் 7. தர்மபுரி பக்கம் நாயக்கன்கொட்டாய். நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசன் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்திருந்தார். அன்று பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அவமானம் தாங்காமல் இறந்தார் என்று சொல்லப்பட்டது. அந்த அவமானம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். மகள் காதலித்தது மட்டும் ஒரு மனிதனைக் கொல்வதில்லை. சுற்றி இருக்கிறவர்களின் பார்வையும் கேள்வியும் பேச்சும்தான் அதை உயிர் போகிற அவமானமாக ஆக்குகின்றன. அன்றைக்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன.

நிவாரணப் பொருளோடு போனவர்களில் நானும் ஒருவன். எரிந்த பீரோக்கள், உருகிய பாத்திரங்கள், கருகிய பைக்குகள், பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்தவை எல்லாம் தேடித் தேடி எரிக்கப்பட்டிருந்தன.

அதற்குப் பிறகு வந்ததுதான் நம் பாடம். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ் மற்ற சாதிச் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டம் போட்டார். ஜீன்ஸ் பேன்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் ஊரெல்லாம் பரவியது. ‘நாடகக் காதல்’ என்ற சொல்லும் அதோடு பரவியது.

அந்தச் சொல்லின் வேலையைக் கவனியுங்கள். அதில் எந்தச் சாதிப் பேரும் இல்லை. எந்தச் சட்டப் பிரிவிலும் நேராகச் சிக்காது. ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். நம் பையன்கள் காதலித்தால் அது காதல் இல்லை, நடிப்பு. நம்மை நேசிக்கிற பெண்ணுக்குச் சொந்த புத்தி இல்லை, ஏமாந்தவள். பின்னால் பணம் பறிக்கும் சதி இருக்கிறது. இத்தனை குற்றச்சாட்டும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருக்கிறது. ஒன்றைக்கூட அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏனென்றால் ஒன்றையும் அவர்கள் ‘சொல்லவில்லை’.

அந்த டிசம்பரில் என் அக்கா மகனோடு பொம்மிடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பதினெட்டு வயது. திருப்பூரில் முதல் போனஸில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். தெரிந்த ஒருவர் வந்து தோளில் கை போட்டுச் சிரித்தபடி, “என்ன மாப்ளே, கண்ணாடியெல்லாம் பலமா இருக்கு? யாரைப் பார்க்கக் கிளம்பிட்டே?” என்றார். பக்கத்தில் நின்ற நான்கு பேர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர் போனதும் அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதற்கப்புறம் ஊரில் அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

2013 ஜூலை 4 அன்று தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதை ஓரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியோடு போனார். ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர் உடல் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. அந்த வழக்கில் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023-இல் உயர் நீதிமன்றம் அவற்றில் பெரும்பாலானவற்றை உறுதி செய்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தக் கொலைக்கு வழி போட்டுக்கொடுத்த சொல் மட்டும் இன்னும் மேடைகளில், சினிமாவில், வாட்ஸ்அப்பில் உலவிக்கொண்டிருக்கிறது.

அரூர் பக்கம் வாச்சாத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்து ஊரையே நாசமாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த மக்களைச் சுற்றி ஓடிய சொல், ‘சந்தனக்கட்டை கடத்துகிறவர்கள்’. ஊரையே அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு அங்கே என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்று நினைத்தார்கள். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 19 ஆண்டுகள் ஆனது.

ஸ்டேஷனில் ஒரு சிரிப்பு

என் சித்தப்பா ஒரு பைக் வாங்கினார். 2006 வாக்கில். எங்கள் பக்கத்தில் முதல் புது வண்டி. ஊர்த்தெரு வழியாக ஓட்டிப் போனபோது டீக்கடைத் திண்ணையிலிருந்து ஒரு குரல்: “காலம் கெட்டுப்போச்சுப்பா. காக்காயெல்லாம் மயிலாட்டம் ஆடுது.” எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வாரம் தினமும் இதே கச்சேரி. மூன்றாம் வாரம் வண்டியின் டயர் இரண்டும் கிழிக்கப்பட்டிருந்தன.

நானும் அவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். எழுத்தர் கேட்ட முதல் கேள்வி: “சாதிப் பேரைச் சொன்னாங்களா?”

“இல்லைங்கய்யா. காக்கான்னு சொன்னாங்க.”

“காக்கான்னு சொன்னா கேஸ் ஆவுமாய்யா?” என்றார். ஸ்டேஷனே சிரித்தது.

சித்தப்பா பேசாமல் எழுந்து வந்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு வருஷக்கணக்கில் காதில் இருந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது: அவர்கள் சிரித்ததே அதற்குச் சாட்சி. காக்கா என்றால் யார், மயில் என்றால் யார் என்று புரியாமல் இருந்திருந்தால் அங்கே யாரும் சிரித்திருக்கவே முடியாது.

சாடையைச் சட்டத்துக்குப் புரியவைக்க முடியாது என்று சொல்வார்கள். அது பொய். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவைப் படியுங்கள். சட்டமே ஓர் உதாரணம் கொடுக்கிறது. ‘இன்னார் நேர்மையான ஆள், அவர் அந்தக் கைக்கடிகாரத்தைத் திருடவே இல்லை’ என்று, அவர்தான் திருடினார் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு ஒருவன் சொன்னால் அது அவதூறு. யார் திருடியது என்று கேட்கும்போது வாய் திறக்காமல் ஒருவரைக் கைகாட்டினாலும் அவதூறு. கடிகாரத்தோடு அவர் ஓடுவதுபோலப் படம் வரைந்தாலும் அவதூறு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. கடிகாரம் வைத்திருக்கிற கனவான்களுடைய மானம் போனபோது, சொல்லாமல் சொல்வது என்றால் என்ன என்று சட்டத்துக்கு 160 வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நம் மானம் என்று வரும்போதுதான் ‘பேரைச் சொன்னாங்களா?’ என்று கேட்கிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு இருக்கிற பிரிவுகளைச் சொல்கிறேன். 3(1)(எஸ்) சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது பற்றியது. அதற்கு முன்னால் இருக்கிற 3(1)(ஆர்), பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது பற்றியது. அதில் சாதிப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இல்லை. 3(1)(யு), பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ நமக்கு எதிராக வெறுப்பைக் கிளப்புவது பற்றியது. நம்மையோ நம் குடும்பத்தையோ ஏற்கெனவே தெரிந்தவர் என்றால், நம் சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவமதிப்பு நம் சாதி காரணமாக நடந்ததாக இருக்க வேண்டும், அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்பது மட்டும் போதாது என்று 2024-இல் சொன்னது. ஆகவே சாடைக்கும் சாதிக்கும் நடுவில் இருக்கும் முடிச்சை நாம்தான் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நம் வாயில் இருக்கும் சாடை

இதை எழுதாமல் முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கடைசியில் அருந்ததியர் வீடுகள் இருக்கின்றன. சின்ன வயதில் நாங்கள் அதை ‘அந்தக் கோடி’ என்போம். அந்தக் கோடியில் தண்ணி குடிக்காதே என்பார்கள். ஊர்க்காரர் எங்களை ‘அந்தப் பக்கம்’ என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கப்புறம் நம்மில் படித்தவர்களே, ‘உங்களுக்கென்னப்பா, தனியா வச்சிருக்காங்க’ என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தங்கையிடம் ஆசிரியர் சொன்ன அதே ‘உங்களுக்கென்ன’.

இன்னொன்று. பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு பெண் தோழர் இருந்தார். ஒரு கூட்டத்தில் நன்கொடைக் கணக்கைக் கேட்டார். ஒருவர், “தோழர் ராத்திரிக் கூட்டத்துக்கெல்லாம் தவறாம வர்றாங்க. ரொம்ப ஆர்வம்” என்றார். ஆண்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். கணக்குக் கேள்வி அந்தச் சிரிப்பில் காணாமல் போனது. இரண்டு மாதத்தில் அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “சொன்னவன் எப்பவுமே அப்படித்தான். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதான் ஆறலை” என்றார்.

சாடை தனியாக வேலை செய்யாது. அதற்குச் சிரிக்கிறவர்கள் வேண்டும், திரும்பிப் பார்க்கிறவர்கள் வேண்டும். நேராகச் சொல்ல முடியாத நிலையில் என் ஆயா காக்காயைத் திட்டினார். நமக்கு இப்போது நேராகப் பேச வாய் இருக்கிறது, மேடை இருக்கிறது. நமக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சாடை பேசுவதற்கு நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.

அந்தத் தங்கைக்குச் சொன்னது

அவளிடம் நான் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்களுக்கும் உதவும்.

அன்றைக்கே எழுதி வை. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை. ‘என்னை அவமானப்படுத்தினார்’ என்று மொத்தமாக எழுதாதே. ‘உங்களுக்கென்னம்மா’ என்றால் அதையே எழுது. யார் யார் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் உன் முகத்தைப் பார்த்தார்கள் என்று எழுது. அவருக்கு உன் சாதி எப்படித் தெரியும் என்பதை எழுது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால் அதைச் சொல். முன்பு இப்படி நடந்திருந்தால் அதையும் வரிசையாக எழுது. ஒன்று தற்செயல் என்பார்கள், நான்கைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிகளிலேயே, மாணவரை வகுப்பில் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது பாகுபாடு என்று இருக்கிறது, அதைக் குறிப்பிடு. முடிந்தால் அந்த இடத்திலேயே அமைதியாக ஒரு கேள்வி கேட்டுவிடு: ‘புரியலைங்க சார், எங்களுக்கென்னன்னா யாருக்கு?’ சாடை பேசுகிறவரால் தாங்க முடியாதது விளக்கம் கேட்பதுதான். விளக்கினால் மாட்டிக்கொள்வார், மழுப்பினால் எல்லாரும் பார்ப்பார்கள்.

எல்லாச் சாடைக்கும் புகார் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சிலதைக் கடந்து போகத்தான் வேண்டும். நாம் படிக்கணும், வேலைக்குப் போகணும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கணும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பது உன் முடிவு. ஆனால் ‘நானாகக் கற்பனை பண்ணிக்கிட்டேனோ’ என்று மட்டும் நினைக்காதே. உனக்குப் புரிந்தது சரியாகத்தான் புரிந்தது.

அவள் எழுதிக் கொடுத்தாள். போன வாரம் மூன்று பேர் கொண்ட குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. முதல் கேள்வி நமக்குத் தெரிந்ததுதான். “அவர் உங்க சாதியைச் சொன்னாரா?”

“சொல்லலைங்க சார்” என்றிருக்கிறாள். “ஆனா அவர் யார் பேரையும் சொல்லாம ‘உங்களுக்கென்ன’ன்னு சொன்னதும் கிளாஸ்ல நாப்பது பேரும் ஏன் சார் என்னையும் கடைசி பெஞ்சுல இருந்த இன்னொரு பையனையும் மட்டும் திரும்பிப் பார்த்தாங்க?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு அந்த ஆசிரியர், ‘யாரையும் மனசுல வச்சுச் சொல்லலை, யாராவது புண்பட்டிருந்தா வருத்தப்படறேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வருத்தத்திலும் பொடி இருக்கிறது. தப்பு அவர் சொன்னதில் இல்லை, புண்பட்டதில்தான் என்கிறது. அவளுக்கும் அது புரிந்துவிட்டது. “இது மன்னிப்பு இல்லைண்ணா, திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்” என்றாள். முடிவு இன்னும் வரவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன் இந்த வாரம் அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

ஜெய்பீம்.